எழுதப்படாத வாழ்வும் எஞ்சிய சொற்களும்: பேராக் தோட்டத்துப் பாட்டன்மாரை நினைத்தல்



மொழிக்கழகத்தின் பொதுப்பொழிவு என்றால் இலக்கண நூலையோ இலக்கிய ஆசிரியரையோ பற்றிய உரையை எதிர்பார்த்து வருவது இயல்பு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் நூல் எழுதாத ஒருவரைப் பற்றியது. ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்துகாஜா, தாப்பா, தெலுக் இந்தான் வட்டாரங்களின் கித்தாத் தோட்டங்களில் உழைத்து, முதுமையில் சிற்றூர்களில் ஒதுங்கி வாழ்ந்து மறைந்த பாட்டன்மாரே நம் பொருள். அவர்களுள் மிகப் பலர் ஒரு வரியும் எழுதி வைத்தவரல்லர். ஊருக்குக் கடிதம் போடவேண்டுமாயின் கிராணியையோ பள்ளி ஆசிரியரையோ நாடினர். நிழற்படம் ஒன்றிரண்டு எஞ்சியிருக்கலாம். அதுவும் இல்லாத குடும்பங்கள் உண்டு.

எழுத்து விட்டுச் செல்லாதவரின் வாழ்வை எவ்வாறு நினைவுகூர்வது? அன்பு மட்டும் போதாது. 'எங்கள் தாத்தா மிக நல்லவர்' என்பதோடு நம் நினைவு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மொழியியல் பயின்ற நாம் வேறொரு வழியைச் சொல்ல விரும்புகிறோம். அவருடைய வாழ்க்கை வரலாறு அவர் பேசிய சொற்களில் தங்கியிருக்கிறது. அச்சொற்களைத் தொகுத்துப் பொருள் கண்டால் அவர் செய்த வேலையும் பட்ட பாடும் கடந்த காலமும் வெளிப்படும். 'கொச்சை' எனத் தள்ளினால் அந்த வரலாறு நம் கையாலேயே அழியும். ஆசிரியரும் மாணவரும் நிறைந்த இவ்வவையில் இதை எடுத்துரைக்கக் காரணம், இவ்வழிவு நிகழும் இடங்களுள் வகுப்பறையும் ஒன்று என்பதே.

1. பெயரன் என்னும் சொல்

பிள்ளையின் பிள்ளையைப் 'பெயரன்' என்கிறது தமிழ். வழக்கில் அது 'பேரன்' ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அச்சொல்லுக்குக் கூறப்படும் பொருள். மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கம் இதற்குத் துணை நிற்கிறது. யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கில் பாட்டனாரையும் 'பேரன்' என்றே குறிப்பிட்டனர். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஒரே பெயர்!

முறைப்பெயரைத் தொல்காப்பியர் பெயர்ச்சொல் வகைகளுள் ஒன்றாகவே வைத்து இலக்கணம் வகுத்தார். அவ்வகையில் பாட்டனுக்கு உரிய பெயர்கள் எத்தனை! தாத்தா, பாட்டன், பாட்டையா, ஐயா, கொங்கு நாட்டார் தாயின் தந்தையை அழைக்கும் அப்புச்சி, ஈழத்தார் கூறும் அப்பப்பா, அம்மப்பா எனப் பல. இவற்றுள் 'அப்புச்சி'யோடு ஒலியால் நெருங்கிய 'அப்பச்சி' என்னும் சொல், நகரத்தார் இல்லங்களில் பாட்டனைக் குறிக்காமல் தந்தையைக் குறிக்கும். தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இச்சொற்கள் வெவ்வேறாக ஒலித்தன. ஒரு குடும்பம் எந்த மண்ணிலிருந்து பெயர்ந்தது என்பதைக் குழந்தை தாத்தாவை அழைக்கும் ஒரு சொல்லே காட்டிவிடும். இன்று அவை பெரும்பாலும் 'தாத்தா' என்ற ஒன்றில் அடங்கிவிட்டன. அது அழகான சொல்லே. எனினும் அதன் அடியில் புதைந்த பிற சொற்களைக் கேட்டு வைப்பது நம் கடன்.

இந்நாட்டுப் பெயர்ப்பதிவில் இன்னொன்றும் உண்டு. ஒருவர் பெயரை அடுத்து 'அனாக் லெலாக்கி' அல்லது 'அனாக் பெரெம்புவான்' என்ற தொடர் வரும். அதன்பின் தந்தையின் பெயர் வரும். அத்தோடு முடிந்தது. பேரனின் தாள்களில் பாட்டனின் பெயருக்கு இடமில்லை. மாணவர்களே, உங்கள் தந்தையின் பாட்டனார் பெயரைச் சொல்ல முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பலருக்கு அது தெரியாது. பெயரன் என்னும் சொல் நம்மிடம் இருக்கிறது, பெயர்தான் போய்விட்டது.

2. ஆவணங்களில் பாட்டன்

அரசு ஆவணங்களில் தேடலாமே என்று தோன்றும். தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு எம் தாத்தாவையே சான்றாகக் கொள்கிறோம். அவர் துறையூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் பிறந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர். கடைசிக் காலத்தை ஈப்போவின் புந்தோங் பகுதியில் மகன் வீட்டில் கழித்தவர். அவரைப் போன்றவர் பல்லாயிரவர். ஆதலால் அவர் பெயரைக் கூறாமலே பேசுகிறோம்.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் ஐரோப்பியர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. அக்காலத்தில்தான் மக்கள் அனைவரும் பதிவு செய்யப்பட்டு அடையாள அட்டை வழங்கப்பட்டது. பிறப்புச் சான்று இல்லாத தொழிலாளியின் வயதை, மேசைக்கு அப்பால் அமர்ந்தவர் முகத்தைப் பார்த்து மதிப்பிட்டு எழுதினார். எம் தாத்தாவின் அட்டையில் 1905 என்று பிறப்பாண்டு எழுதப்பட்டது.

தாத்தா கூறிய கணக்கு வேறு. 'பெருவெள்ளம் வடிந்த மறுவருஷம் கப்பலேறினேன். அப்போதுதான் எனக்கு மீசை அரும்பியிருந்தது' என்பார். மலாயாவை உலுக்கிய பெருவெள்ளம் 1926ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. மறுவருஷம் என்பது 1927. மீசை அரும்பும் வயது 16 அல்லது 17 எனக் கொண்டால் அவர் பிறந்தது 1910ஐ ஒட்டி ஆகும். அட்டை அவரை ஐந்தாண்டு மூத்தவராக்கிவிட்டது. தாளில் 55 வயது நிறைந்ததும் தோட்டத்து வேலை நின்றது; உடலுக்கோ அப்போது 50தான். ஐந்தாண்டுக் கூலியை அவர் ஓர் எண்ணால் இழந்தார். ஆவணம் பொய்த்த இடத்தில் அவர் சொன்ன வாக்கியமே சரியான சான்றாக நின்றது.

அட்டையின் நிறமும் ஒரு கதை. குடியுரிமை கிட்டாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை. விவரம் அறியாமலும் தாள்கள் இன்றியும் முதியோர் பலர் அந்தச் சிவப்பு அட்டையோடே வாழ்ந்து முடித்தனர். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. பல குடும்பங்கள் கப்பலேறித் தமிழகம் திரும்பின. எஞ்சியவர் பேச்சில் 'சிவப்பு ஐ.சி.' என்பது ஒரு நிறப்பெயராக மட்டும் இருக்கவில்லை. அதில் ஓர் அச்சமும் கலந்திருந்தது.

துரைமாருக்கோ வரலாறு கல்லில் நிற்கிறது. பத்துகாஜாவை அடுத்துள்ள கெல்லி மாளிகையை நீங்கள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். கிந்தா கெல்லாஸ் தோட்டத்தை உருவாக்கிய வில்லியம் கெல்லி சுமித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் கட்டத் தொடங்கியது அது. அதற்காகத் தமிழகத்திலிருந்து கொத்தர்களும் தொழிலாளரும் வரவழைக்கப்பட்டனர். உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் அவர்களுள் பலரைக் கொண்டுபோயிற்று. அருகில் எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரைமேல் வெள்ளையுடையில் ஓர் உருவம் நிற்கிறது. அது கெல்லி சுமித்தின் உருவம் என்பர். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார்; மாளிகை முற்றுப்பெறவில்லை. அவர் பெயரும் இறந்த ஊரும் ஆண்டும் நமக்குத் தெரிகின்றன. காய்ச்சலில் மாண்ட கொத்தரின் பெயர்களைச் சொல்லுவார் யார்?

3. நிகழ்ச்சியால் எண்ணிய காலம்

தாத்தாமார் ஆண்டெண் கூறுவதில்லை, நிகழ்ச்சியைக் கூறுவர். 'வெள்ளம் வந்த வருஷம்', 'ஜப்பான்காரன் காலம்', 'சயாமுக்கு ஆள் பிடித்த காலம்', 'நேத்தாஜி வந்த வருஷம்', 'கம்பிவேலிக் காலம்' என்பன அவர்களின் நாட்காட்டி. இதனைத் தெளிவின்மை என்று கொள்ளலாகாது. ஒவ்வொரு தொடரையும் நாம் ஆண்டோடு பொருத்த முடியும். ஜப்பானியர் ஆட்சி 1942 முதல் 1945 வரை. பர்மாவை நோக்கிய 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு ஆள் கொண்டுசெல்லப்பட்டது 1942, 1943ஆம் ஆண்டுகளில். சுபாஷ் சந்திர போஸ் மலாயாவுக்கு வந்தது 1943. தோட்டத்து வீடுகளை ஓரிடத்தில் குவித்து முள்வேலியிட்டது அவசரகாலத்தின்போது. 'உங்கள் மூத்த மகள் எப்போது பிறந்தாள்?' என்றால் 'கம்பிவேலி போடுமுன்' என்று விடை வரும். வரலாற்றுப் பாடநூலின் ஓர் இயலும் ஒரு பெண்ணின் பிறப்பும் அவ்விடையில் ஒருங்கே நிற்கின்றன.

இத்தொடர்களுள் சில, கேட்பவர் மேலும் கேட்கத் தயங்கும் இடங்கள். 'சயாமுக்குப் போனார்' என்ற வாக்கியத்தில் பயனிலையாக வருவது 'போனார்' என்னும் எளிய வினை. ஆனால் தோட்டத்து வழக்கில் அதன் பொருள் பெரும்பாலும் 'திரும்பவில்லை' என்பது. 'வந்தார்' என்ற சொல் தொடரவில்லையெனில் அக்குடும்பத்தில் ஓர் இறப்பு இருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். அங்கே ஈமக்கடன் இல்லை, நாள் தெரியாது, திதி கொடுக்கவும் வழியில்லை. அகராதியில் 'போ' என்னும் வினைக்கு எத்தனையோ பொருள் எழுதியிருப்பர். இப்பொருளைப் பேராக் தோட்டத்துப் பாட்டியிடம்தான் கேட்கவேண்டும்.

4. வேலையின் சொற்கள்

ஒரு மனிதரின் நாளில் பெரும்பகுதி வேலை. தாத்தாவின் வேலைநாளை அவர் சொற்களாலேயே விரித்துப் பார்ப்போம்.

இருள் பிரியுமுன் 'பெரட்டு'. ஆங்கிலேயரின் 'பரேட்' என்னும் படை அணிவகுப்புச் சொல், தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கத்துக்குப் பெயராகி, தமிழ் ஒலிக்கு இசைந்து 'பெரட்டு' ஆயிற்று. இலங்கை மலையகத்தில் அதே சொல் 'பிரட்டு' என வழங்குகிறது. கடலால் பிரிந்த இரு நாடுகளின் தேயிலைத் தொழிலாளியும் கித்தாத் தொழிலாளியும் ஒரே சொல்லால் விடிந்தனர். படைத்துறைச் சொல் ஒன்று உழவர் மக்களின் காலையைத் தொடக்கிவைத்தது என்பதே அவ்வாழ்வைப் பற்றி நமக்கு எவ்வளவோ கூறும்.

பெரட்டு முடிந்ததும் 'நெரை'. ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட மரவரிசைக்கு அது பெயர். இதைக் கேட்டுக் கொச்சை என முகம் சுளிப்பவர் உண்டு. 'நிரை' என்று எழுதிப் பாருங்கள். ஆநிரை என்பதில் உள்ள அதே நிரை. யாப்பில் நேர், நிரை எனப் பயிலும் அதே நிரை. இகரம் எகரமாகத் திரிவது தமிழ்ப் பேச்சு வழக்கில் எங்கும் காண்பது. 'இலை' 'எலை' ஆவதும் 'விலை' 'வெலை' ஆவதும் இவ்விதியாலேயே. புலவர் ஏட்டிலிருந்த சொல் பால்மரக் காட்டிலும் உயிரோடிருந்தது.

பிறகு 'மரம் வெட்டு'. தமிழகத்தில் 'மரம் வெட்டப் போனார்' என்றால் மரத்தைச் சாய்க்கப் போனார் என்று பொருள். சுங்கை சிப்புட்டில் அதே வாக்கியத்துக்கு, பால் எடுக்கப் பட்டையைச் சீவப் போனார் என்று பொருள். ஒரு மரத்தைப் பல ஆண்டு வாழவைத்துக்கொண்டே வெட்டும் வெட்டு அது. உளியால் சாய்வாக, நாணயத் தடிமன் அளவுக்கே பட்டையைச் சீவ வேண்டும். சற்று ஆழ்ந்தால் மரத்துக்குக் காயம். ஆறிய இடம் முடிச்சிட்டுப் புடைக்கும். அடுத்த சுற்றில் அங்கே உளி ஓடாது. மேலோட்டமாகப் போனால் பால் வாராது. இரவின் குளிர்ச்சியில் பட்டைக்குள் பாற்குழல்களின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். விடியுமுன் எழுப்பிய பெரட்டின் காரணம் இதுவே. இத்தனை நுட்பத்தையும் கையில் வைத்திருந்தவரை ஆவணங்கள் 'கூலி' என்ற ஒற்றைச் சொல்லால் முடித்தன.

பால் வடிந்து நிறையும் கிண்ணம் 'மங்கு'. கிண்ணத்தைக் குறிக்கும் 'மங்கோக்' எனும் மலாய்ச் சொல்லோடு அது நெருங்கி நிற்கிறது. மங்கில் உறைந்து தங்குவது 'கட்டிப்பால்'. சேர்த்த பாலைத் தோளில் கம்பு வைத்து இருபுறமும் தொங்கவிட்டுச் சுமக்கும் வாளி 'காண்டா வாளி'. 'கண்டார்' என்னும் மலாய் வினை தோளில் கம்பிட்டுச் சுமப்பதைக் குறிக்கும். பினாங்கின் புகழ்பெற்ற 'நாசி கண்டார்' உணவுக்குப் பெயர் தந்ததும் அவ்வினையே. உணவின் பெயரால் அச்சொல் நாடெங்கும் அறியப்படுகிறது. அதே சொல்லைத் தோளில் சுமந்தவரை அறிந்தவர் குறைவு.

இறுதியாக, எல்லாரும் அறிந்த ஒரு சொல்: மழை. எம் தாத்தா வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். அவ்வூரில் மழை என்பது தெய்வம். கித்தாத் தோட்டத்திலோ, பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்தோடும், மங்கில் நீர் நிறையும், வேலை நிற்கும், நாட்கூலி இல்லை. விடியற்காலையில் கூரைத் தகரத்தில் துளி விழும் ஒலி கேட்டால் வீட்டில் பேச்சு அடங்கிவிடும். மழைக்காக ஏங்கிக் கப்பலேறியவர், மழையைக் கண்டு முகம் வாடும் தொழிலில் 30 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். சொல் மாறவில்லை; எழுத்து மாறவில்லை; உள்ளே இருந்த பொருள் தலைகீழாயிற்று. புலம்பெயர்வு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் எந்நூலிலும் கண்டதில்லை.

5. திசைச்சொல்லா, கொச்சையா?

இத்தகைய சொற்களைத் தமிழ் இலக்கணம் எவ்வாறு நோக்கும்? இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் செய்யுளுக்குரிய சொற்களை நான்காக வகுத்த தொல்காப்பியர், திசைச்சொல்லுக்கும் உரிய இடம் தந்தார். வெளிநிலத்துச் சொல் என்பதற்காக அதனை வெளியே நிறுத்தவில்லை. 'ஒப்பந்தம்' எனப் பொருள்படும் மலாய் 'ஜஞ்ஜி' நம்மிடம் 'சஞ்சி' ஆகி, ஒப்பந்தக் கூலியைச் 'சஞ்சிக் கூலி' என்றாக்கியது. அம்முறை மலாயாவில் 1910இல் கைவிடப்பட்டது; சொல் இன்றும் இருக்கிறது. 'கெத்தா' என்பது 'கித்தா' ஆயிற்று. 'கம்போங்' என்பது 'கம்பம்' ஆயிற்று. கொடுக்கல் ஒருபுறமாக மட்டும் நிகழவில்லை. கப்பல், கடை, முதல், கட்டில், கோயில் ஆகிய நம் சொற்கள் காப்பால், கெடாய், மோடால், காத்தில், குயில் என மலாயில் வாழ்கின்றன. மலாய் மொழியினர் அவற்றைக் குறையாகக் கருதுவதில்லை.

'பசியாறுதல்' என்பதையும் எண்ணிப் பாருங்கள். இந்நாட்டில் காலையுணவுக்கு அது பெயர், 'பசியாறியாச்சா?' என்பது நலம் கேட்கும் முறை. தமிழகத்தில் தமிழ் முஸ்லிம் மக்களிடம் இன்றும் வழங்கும் இச்சொல் தூய தமிழ். 'காலைச் சிற்றுண்டி' என்று திருத்துவதால் மொழி வளம் பெறுமா? தோட்டத்துக் காலைப்பசியை அறிந்தவர் வாயில் அச்சொல்லுக்கு எவ்வளவு பொருள் இருந்தது!

இதில் வேறொரு பழியும் மறைந்துள்ளது. தோட்டத் துரைமார் தொழிலாளரிடம் வேலை வாங்குவதற்கெனத் தமிழ்க் கையேடுகள் அச்சிடப்பட்டன. அவற்றுள் ஒன்று 'கூலித் தமிழ்' என்ற தலைப்போடே இலங்கையில் வெளிவந்தது. வேலை வாங்கும் மொழிக்கு ஏவல்வினையே உயிர். எம் தாத்தாவின் மொழி அவ்வாறு ஒருமையிலும் ஏவலிலும் குறுகிக் கேட்கப்பட்ட மொழி. துரை வரும்போது தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கக் கோரியதும் 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் அடங்கும். அம்மொழியை அவர்தம் பேரப்பிள்ளைகளின் தமிழாசிரியர்களாகிய நாமும் தாழ்வாகக் காண்போமாயின், அக்கையேட்டின் தலைப்பை நாமே ஒப்புக்கொண்டதாகும்.

6. சொற்கள் மறைந்த வழி

1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் துண்டுதுண்டாகப் பிரித்து விற்றனர். 'தோட்டத் துண்டாடல்' என்னும் கசப்பான தொடர் அப்போது பிறந்தது. வேலையும் வீடும் ஒன்றாய் இருந்த வாழ்வில் இரண்டும் ஒரே நாளில் போயின. சுங்கை சிப்புட் ஈன்ற துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரின் பங்குப்பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கும் எண்ணத்தோடு 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இச்சூழலில்தான். பின்னர்க் கித்தா இருந்த இடங்களில் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. செம்பனைக்கு மங்கும் வேண்டா, உளியும் வேண்டா. தொழில் போனபின் சொல்லுக்குத் தங்க இடமில்லை.

எனினும் ஓரிடத்தில் தோட்டத்தின் பெயர் நிலைத்திருக்கிறது. பேராக் மாநிலத்தின் 134 தமிழ்ப்பள்ளிகளுள் பலவற்றின் பெயரில் இன்றும் 'தோட்டம்' உண்டு. எல்பில், டோவன்பி, ஈவுட், கிந்தா கெல்லாஸ் என்பன தோட்டப் பெயர்களாகத் தோன்றிப் பள்ளிப் பெயர்களாக வாழ்பவை. பத்தோ அதற்கு மேலோ பிள்ளைகள் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்ததன் தடம் அது. பள்ளிப் பலகையைப் படிக்கும் மாணவர், அந்தத் தோட்டம் எங்கே இருந்தது என்று கேட்கத் தொடங்கினாலே போதும், வரலாறு கிளம்பிவிடும்.

7. பாட்டியும் பிறரும்

பாட்டன்மாரைப் போற்றும்போது உண்மையை மறைக்கக் கூடாது. பாட்டியும் நெரை பிடித்து மரம் வெட்டினாள், காண்டா சுமந்தாள், பெரட்டுக்குமுன் எழுந்து சோறாக்கிக் கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டுச் சென்றாள். அவளுடைய சொற்கள் வேறு. தாத்தாவைக் கேட்டு எழுதினால் அவை கிட்டா. லயங்களில் சாதிப்பிரிவு இருந்தது. யார் வீட்டில் யார் நீர் அருந்துவர் என்ற கணக்கு இருந்தது. கள்ளுக்கடையில் கரைந்த கூலி இருந்தது. இவற்றுக்கும் சொற்கள் உண்டு. அவற்றையும் எழுத வேண்டும். அன்புக்குரியவரைக் குறையோடு நினைப்பதால் அன்பு குறையாது. குறையை நீக்கிவிட்டு நினைத்தால் நம் நினைவில் நிற்பவர் வேறொருவராவார்.

8. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

தொடக்கப்பள்ளிகளில் 'என் தாத்தா' என்னும் கட்டுரை நெடுங்காலமாக எழுதப்படுகிறது. மாதிரிக் கட்டுரையின் தாத்தா நரைத்த தலையினர்; மூக்குக் கண்ணாடி அணிந்து காலையில் நாளிதழ் படிப்பார்; மாலையில் பூங்காவுக்கு அழைத்துச் செல்வார்; இரவில் நீதிக்கதை சொல்வார். பிள்ளைகள் அதனை மனனம் செய்து எழுதுகிறார்கள். பிழை இல்லை, புள்ளிகள் கிடைக்கின்றன. ஆனால் அவர் யாருடைய தாத்தா? புந்தோங்கில் எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து கச்சான் பூத்தே வறுத்து விற்ற தாத்தாவும், பெரட்டுக்குப் போன தாத்தாவும் அக்கட்டுரையில் நுழைய முடிவதில்லை.

ஆசிரியர்களுக்கு எம் வேண்டுகோள் இது. எழுத்துத் தமிழின் ஒழுங்கை விட்டுவிடச் சொல்லவில்லை. சந்திப்பிழையைத் திருத்துங்கள், ஒருமை பன்மை மயக்கத்தைத் திருத்துங்கள். ஆனால் 'பெரட்டு' என்று ஒரு பிள்ளை எழுதினால் அதன்மேல் சிவப்புக் கோடு போடாமல், அது என்ன என்று விளக்கி அடுத்த வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள். பிழை வேறு, வாழ்க்கைச் சொல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது தமிழாசிரியரின் தனித்திறன்.

மாணவர்கள் நான்கு கேள்விகளோடு வீட்டு முதியோரிடம் செல்லலாம். என்ன வேலை செய்தீர்கள்? அந்த வேலையில் கையாண்ட பொருள்களுக்கு என்ன பெயர்? இருந்த இடங்களை மக்கள் எப்படி அழைத்தனர்? எவரை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டீர்கள்? காலத்தைக் கேட்கவேண்டாம், 'அதற்குமுன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது' என்று கேளுங்கள், காலம் தானே வரும். அவர் இசைவு பெற்றுக் கைப்பேசியில் பதியுங்கள். எழுதும்போது அவர் ஒலித்தபடியே எழுதுங்கள். 'நெரை' என்றால் 'நெரை'. பக்கத்தில் 'நிரை' என்று குறியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் வாயிலிருந்து வந்த ஒரு முழு வாக்கியத்தையும் சேருங்கள். வாக்கியமின்றிச் சொல்லின் பொருள் நிலைக்காது. பாட்டியைத் தனியே, தாத்தா அருகில் இல்லாத வேளையில் கேளுங்கள். அவர் பேச விரும்பாத இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஒருவர் இருபது சொற்கள் கொணர்ந்தால் போதும். முப்பது மாணவர் கொண்ட வகுப்பில் ஒரு பருவத்துக்குள் ஓர் அகராதிக்கு வித்தாகும் தொகுப்பு உருவாகிவிடும். அதனைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். சொல் தந்தவரின் பெயரையும், அவர் ஒப்பினால், முதல் பக்கத்தில் எழுதுங்கள். பதிவுத்தாள் விட்டுவிட்ட பெயர் அங்கேனும் நிற்கட்டும்.

காலம் அதிகம் இல்லை. அரசின் துணையோடு ஆள் அனுப்பும் முறையை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. கப்பலேறி வந்த தலைமுறை மறைந்துவிட்டது. அவர்களிடமிருந்து நேரே கேட்டு வளர்ந்து, தாமும் உளி பிடித்தவர்களே இப்போது எஞ்சியுள்ளனர். அவர்களும் எண்பதை நெருங்கியும் கடந்தும் நிற்கின்றனர். இவ்வரங்கிலிருந்து வீடு திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் இன்றிரவே ஒரு சொல்லைக் கேட்டு, அதன் வாக்கியத்தோடு எழுதி வைக்குமாறு வேண்டி இவ்வுரையை நிறைவு செய்கிறோம்.